அட்டையும் கயிறும்

முள்ளிப்பட்டில் போய் ரத்தம் கேட்டால் யார்தான் கொடுப்பார்கள்? அருள்தாஸ் மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினான். கிடைத்தது ஏழே பேர். அதிலும் இரண்டு பேர் மறுநாள் காலையில் வந்து, "எங்க ரத்தத்தத் திருப்பிக் குடு" என்று வாசலில் நின்று சண்டை பிடித்தார்கள். ரத்தத்தை வெளிநாட்டுக்கு விற்கிறார்கள் என்று ஒருத்தி கிளப்பிவிட்டாள். குடிகாரர்களைக் கணக்கெடுத்து ரேஷனை நிறுத்தப் போகிறார்கள் என்றாள் இன்னொருத்தி. ஊர் வாய்க்குக் கேட்க வேண்டுமா?

கண்ணகிக்கு அவமானமாக இருந்தது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி அவள். குடிப்பழக்கம் சில குடும்பங்களில் மட்டும் தகப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று ஏன் இறங்குகிறது, அதற்கு மரபணுவில் என்ன காரணம் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வேறெங்கும் போக வேண்டாம், எங்கள் ஆரணிப் பக்கத்திலேயே தொடங்கலாம் என்று மேலிடத்தில் அடித்துப் பேசி அனுமதி வாங்கியவளும் அவள்தான். அருள்தாஸை வேலைக்கு வைத்தவளும் அவள்தான். இப்போது சொந்த ஊரே கதவைச் சாத்தினால் எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டாள். போவதற்கு முன்னால் அண்ணன் தருமன் வீட்டுப் பரணில் ஏறி, பழைய ஜக்கார்டு அட்டைச் சரம் ஒன்றை இறக்கி எடுத்துக்கொண்டாள். தறிக்கு மேலே பெட்டியில் மாலைபோலக் கோத்துத் தொங்குமே, அந்த ஓட்டை போட்ட அட்டைகள். ஓட்டை இருக்கிற இடத்தில் நூல் எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. புடவையில் பூ விழுவது அப்படித்தான்.

"இது இன்னா?" என்று சரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

கூடமே சிரித்தது. தறிக்காரனிடம் போய் அட்டையைக் காட்டி இது என்ன என்று கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வான்?

"புடவையில அன்னம் வரணுமா, மாங்கா வரணுமான்னு முடிவு பண்றது யாரு? நெய்யறவரா?"

"அட்டைதான்" என்றார்கள் நாலைந்து பேர்.

"அதே மாதிரி நம்ம ஒடம்புக்குள்ளயும் அட்டை கீதுங்க. நைனா பாதி குடுத்தது, அம்மா பாதி குடுத்தது. முடி சுருட்டையா நீட்டமா, கண்ணு கருப்பா பூனைக்கண்ணான்னு அதுலதான் ஓட்டை போட்டு வெச்சிருக்குது. குடிக்கிற ஆசையும் அதுல கொஞ்சம் கீதான்னு பாக்கறோம். அவ்ளோதான். ரத்தத்த விக்கறதும் இல்ல, ரேஷன நிறுத்தறதும் இல்ல."

அடேயப்பா! என்னமாய்ப் பிடித்துக்கொண்டார்கள்! குடித்து அழிந்த புருஷனைத் திட்டித் திட்டி ஓய்ந்துபோன முனியம்மாள் முதல் ஆளாகச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "அப்ப அந்த ஆளு மேல தப்பு இல்லயா? அட்டை மேலதான் தப்பா?" என்று அவள் கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது. கண்ணகி அதற்குப் பதில் சொல்லத்தான் செய்தாள். அட்டை மட்டும் போதாது, சேர்க்கை இருக்கிறது, மனக்கஷ்டம் இருக்கிறது, கையெட்டும் தூரத்தில் கடை இருக்கிறது, எல்லாம் சேர்ந்துதான் என்று சொன்னாள். யார் கேட்டார்கள்? அதற்குள் ரத்தம் கொடுக்க வரிசை கட்டிவிட்டார்கள். அன்று மட்டும் நாற்பத்தொரு பேர் கையை நீட்டினார்கள். பெங்களூரில் அந்த அட்டைப் பேச்சை எல்லோரும் புகழ்ந்தார்கள். மற்ற ஊர்களுக்கான துண்டுப் பிரசுரத்திலும் அச்சடித்துக்கொண்டார்கள்.

வரிசையின் கடைசியில் தருமன் நின்றான்.

"ண்ணா, நீ வாணாம். சொந்தக்காரங்ககிட்ட நான் எடுக்கக் கூடாது."

"நீ எடுக்காத. அருள்தாஸ் எடுக்கட்டும்." சட்டைக் கையைச் சுருட்டினான். வலது மணிக்கட்டில் முனீஸ்வரன் கோயில் கருப்புக் கயிறு இருந்தது. வியர்வையிலும் பட்டுச்சாயத்திலும் ஊறி அதன் கருப்பு பழுப்பாகிப்போயிருந்தது.

அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியை விட முடியாதவர்களை அந்தப் பக்கத்துச் சனங்கள் முனீஸ்வரனிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். பூசாரி குளிக்கச் சொல்லி, சூலத்தின் முன்னால் சத்தியம் வாங்கி, கையில் கயிறு கட்டுவார். கயிறு இருக்கிறவரை குடிக்கக் கூடாது. மீறினால் ரத்தம் கக்கிச் சாவான் என்பது ஊர் நம்பிக்கை. தருமன் இருபது வயதில் குடிக்கத் தொடங்கியவன். ஈரல் சுருங்கிப்போய்விட்டது, இனி ஒரு சொட்டு தொட்டாலும் ஆபத்து என்று வேலூர் டாக்டர் சொன்னபோதுகூட அவன் நிறுத்தவில்லை. அந்தக் கயிறுதான் நிறுத்தியது. கூட்டத்து நாளோடு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அண்ணி கலைமகள் முகத்தில் பழையபடி சிரிப்பு வந்தது. மகள் நிலா பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்தாள். 'அத்தை மாதிரி' என்று.

கண்ணகிக்கு முனீஸ்வரனிடம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அண்ணனுடைய மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வாள். எப்படிக் கும்பிடாமல் இருப்பாள்? பத்தாவதில் நல்ல மார்க்கு வாங்கிய பையன், தங்கை படிக்கட்டும் என்று தறியில் உட்கார்ந்தவன். அவள் முதன்முதலாக பெங்களூருக்குப் பஸ் ஏறியபோது அவள் கையில் இருந்த பெட்டி அவன் வாங்கிக் கொடுத்தது. இந்த ஆராய்ச்சியே குடியில் போன நைனாவுக்காகவும் அவனுக்காகவும் எடுத்ததுதான். அதை அவள் விண்ணப்பத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அருள்தாஸ் ரத்தம் எடுத்தான். டியூபில் பேர் எழுதவில்லை, வரிசைப்படி இல்லாமல் கட்டிலிருந்து கைக்கு வந்த நம்பர் ஒன்றை ஒட்டினான். ஏ-நூற்றுப் பதினேழு. ஏ-ஒன்று கண்ணகியுடையது. வேலை தொடங்கிய நாளில் எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்காக முதல் ஊசியைத் தன் கையிலேயே போடச் சொல்லியிருந்தாள்.

ஐந்து மாதம் கழித்து ஊருக்கு வந்தாள். வேலை முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனபோது மணி பத்தரை. பதினொன்றுக்கு வேலூர் பஸ். தருமன் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். அவன் முகம் தெளிந்திருந்தது. ஆனால் தங்கையைப் பார்த்ததும் பார்வை அலைந்தது.

"என் ரிசல்ட்டு வந்துச்சா?"

"வந்திருக்கும்ண்ணா. யாருது எதுன்னு எனக்குத் தெரியாது. நம்பர்தான் இருக்கும்."

"என் நம்பர் நூத்திப் பதினேழு. பாரேன்."

"பாக்கக் கூடாது. பாத்தாலும் சொல்லக் கூடாது."

"ஊருக்குச் சொல்லாத. எனக்குச் சொல்லு."

"யாருக்குமே சொல்ல மாட்டோம்ண்ணா. நூறு குடும்பம், எரநூறு குடும்பம்னு மொத்தமாப் பாத்தாதான் அதுல அர்த்தம். ஒரு ஆளப் பத்திச் சொல்ற டெஸ்டு இல்ல இது."

நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடிய நாடா நின்றது. தருமன் தலையைத் தூக்கி மேலே தொங்கிய அட்டைகளைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒண்ணும் இல்ல இல்ல?"

அவள் மணி பார்த்தாள். "ஒண்ணும் இல்லண்ணா. நீ பாட்டுக்கு இரு. கயித்த மட்டும் வுட்றாத."

"சரிம்மா. ஜல்தி போ, பஸ்ஸு பூடும்" என்றான்.

அந்தச் சிரிப்பை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று யோசிக்க நேரமில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, தூங்கிவிட்டாள்.

பதினோராம் நாள் கலைமகள் போன் செய்தாள். முதலில் அழுகைதான் கேட்டது.

"கயித்த அறுத்துட்டாரு. நூல் வெட்ற கத்தரியால அவரே அறுத்துட்டாரு. நாலு நாளா கடையிலதான் கெடக்கறாரு. கேட்டா, அட்டையில இருக்கறத கயிறு இன்னாடி பண்ணும்னு கேக்கறாரு. இன்னா அட்டை, எனக்கு ஒண்ணும் புரியல. நீ வந்து கேளு."

 கண்ணகி அன்று மாலையே கிளம்பி, மறுநாள் காலை வீட்டு வாசலில் நின்றாள். தருமன் குளித்திருந்தான், காலையில் இன்னும் குடிக்கவில்லை. கை மட்டும் நடுங்கியது. மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது.

"ண்ணா, உன்கிட்ட யாரு சொன்னது உன் ரத்தத்துல இருக்குதுன்னு?"

"நீதான்."

"நான் எங்க சொன்னேன்? ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னேன்!"

"ஆமா. நைனாவுக்கும் நாம அப்படித்தான் சொன்னோம்."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு எங்கே பார்த்தது என்று அவளுக்கு உறைத்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நைனா ஜீவானந்தம். டாக்டர் நைனாவிடம் ஒன்றும் சொல்லாமல் குடும்பத்தை வெளியே கூப்பிட்டு, ஈரல் முழுக்கப் போய்விட்டது, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அந்தப் பக்கத்தில் அப்படித்தான். சாகப் போகிறவனிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்வது பாவம். தருமனும் அவளும் உள்ளே போய், 'ஒண்ணும் இல்ல நைனா, நீ பாட்டுக்கு இரு' என்றார்கள். நைனா இதேபோலச் சிரித்தார். பத்தொன்பதாம் நாள் செத்துப்போனார்.

பாவி! அவள் வாயிலிருந்து வந்தது அதே வார்த்தைகள். சட்டத்துக்காக அவள் சொல்லாமல் இருந்ததை, சாகப் போகிறவனிடம் சொல்லாமல் இருந்ததாக அவன் எடுத்துக்கொண்டான். முள்ளிப்பட்டில் பிறந்தவன் வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? முள்ளிப்பட்டில் பிறந்தவளுக்கு அது ஏன் தோன்றவில்லை?

"நெஜமாவே எனக்குத் தெரியாதுண்ணா. நான் பாக்கவே இல்ல. அட்டைன்னு சும்மா ஜனங்களுக்குப் புரியறதுக்காகச் சொன்னேன். அட்டையில ஓட்டை தப்பா வுழுந்தா நைனா இன்னா பண்ணுவாரு? கஞ்சி தடவி காகிதம் ஒட்டி நெய்ய மாட்டாரு? நீ பண்ணதில்ல? பதினாலு மாசம் நீ பண்ணது அதுதானே?"

தருமன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "இத அன்னிக்கே கூட்டத்துல சொல்லியிருக்கலாம்" என்றான். கோபமே இல்லை குரலில். "பதினாலு மாசமும் தெனம் வாயில எச்சில் ஊறும் கண்ணகி. கயித்தப் பாப்பேன், முனி பாத்துக்குவான்னு இருப்பேன். நீ சொன்னப்பறம் கயித்தப் பாத்தா வெறும் நூலாத் தெரிஞ்சுது. எனக்கு நூலு தெரியாதா?"

"நான் பாத்துச் சொல்றேன். உன் நம்பரத் தொறந்து பாத்துச் சொல்றேன்."

"இனிமே நீ எது சொன்னாலும் நல்லதாத்தான் சொல்லுவ" என்று எழுந்து போய்விட்டான்.

அன்றைக்கே அவள் லேப்டாப்பைத் திறந்திருக்கலாம். பேரும் நம்பரும் சேர்ந்த கோப்பு அவள் கையில்தான் இருந்தது, கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். ஆனால் நன்றாகப் படித்தவள் ஆயிற்றே! நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். உறவினர் ஒருவருடைய முடிவை அவசர காரணமாகப் பார்க்க அனுமதி வேண்டும் என்று. அடுத்த கூட்டம் மாதக் கடைசியில், அப்போது பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. அவள் காத்திருந்தாள். நடுவில் மறுவாழ்வு மையம் ஒன்றில் இடம் பேசி முடித்தாள். தருமன் வர மறுத்தான். கலைமகள் காலில் விழுந்து பார்த்தாள், நிலா பேசாமல் இருந்து பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை.

குழு கூடுவதற்கு ஆறு நாள் முன்னால், மத்தியானம் மூன்று மணிக்கு, தருமன் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே ரத்தம் கக்கினான். தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலின் மேலெல்லாம் ரத்தம். ஆட்டோவில் போட்டு ஆரணிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். பாதி வழி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஈரல் கெட்டவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்து வெடிக்கும், அதுதான் என்றார் டாக்டர். ஊர் வேறு சொன்னது. கயிற்றை அறுத்தான், முனி விடுவானா, சொன்னது சொன்னபடி ரத்தம் கக்க வைத்துவிட்டான் பார் என்றது. அந்த வாரமே ஒன்பது பேர் புதிதாகக் கயிறு கட்டிக்கொண்டார்கள் என்று அருள்தாஸ் சொன்னான்.  டாக்டர் சொன்னதும் கண்ணகிக்குத் தெரியும், ஊர் சொன்னதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் தான் நிற்பது யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் அவளைத் தின்றது.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் கோப்பைத் திறந்தாள். அனுமதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஏ-நூற்றுப் பதினேழைத் தேடி எடுத்துப் படித்தாள். பிறகு ஏ-ஒன்றையும் எடுத்துப் படித்தாள். லேப்டாப்பை மூடிவிட்டு, கட்டியிருந்த சேலையோடு தரையில் படுத்து வாய்விட்டு அழுதாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சனங்கள் கலைந்த பிறகு, கலைமகள் அவளைத் தறி அறைக்குள் கூப்பிட்டாள். ரத்தம் பட்ட பாவு நூலை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். தறி வெறும் கட்டையாக நின்றது. மூலையில் நிலா ராட்டினத்தில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வேலை எதுவும் இல்லை, சும்மா கையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்று கேட்டாள் கலைமகள்.

"இன்னா அண்ணி?"

"அவரு ரிசல்ட்ட. பாத்திருப்ப. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." கண்ணகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரத்தத்துலயே இருந்துச்சுன்னு சொல்லு. அது போதும் எனக்கு. ஊருல குடிகாரன், சாமி குத்தம் பண்ணவன்னு ஆளாளுக்குப் பேசறாங்க. அவரு மேல தப்பு இல்ல, பொறந்தப்பவே அப்படித்தான்னு நீ சொன்னா எல்லார் வாயும் அடைஞ்சுடும். நீ படிச்சவ. உன் பேச்சுக்கு மதிப்பு கீது."

ராட்டினம் நின்றது. நிலா திரும்பவில்லை. ஆனால் அவள் முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணிக்கு ஆறுதல். இன்று இரவு தூங்குவாள். ஆனால் அந்த ஆம் இந்தப் பெண் தலையில் போய் உட்காரும். என்னுடைய அட்டை என்ன என்று காலமெல்லாம் மேலே பார்த்துக்கொண்டிருப்பாள். இன்னொரு தடவை அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கண்ணகிக்குத் தெம்பில்லை.

"இல்ல அண்ணி" என்றாள். "ரத்தத்துல அந்த ஆசை கம்மியா கீறவங்கள்ல இருந்து நூறு பேர வரிசையா நிக்க வெச்சா, அண்ணன் நாப்பத்தாறாவது ஆளு. நடுவுல. ரோட்டுல போறவங்க பாதிப் பேருக்கு அவருக்கு இருந்ததவிட ஜாஸ்திதான் இருக்கும்."

கலைமகளின் கை தளர்ந்தது.

"என்னுதையும் பாத்தேன். எழுபத்தெட்டு. அண்ணனவிட எனக்குத்தான் ஜாஸ்தி. நான் ஒருநாளும் தொட்டதில்ல. அதனால அந்த நம்பருக்கு..." நிலாவின் முதுகைப் பார்த்தாள். "நைனாகிட்ட இருந்து வந்தது எனக்குத்தான் வந்திருக்குது அண்ணி."

வெளியே யாரோ வாடகைப் பாத்திரங்களை வண்டியில் அடுக்கும் சத்தம் கேட்டது. கலைமகள் நிறைய நேரம் தறியையே பார்த்தாள்.

"இந்த நம்பரு எப்ப வந்துச்சு?"

"அண்ணி..."

"அவரு உன்னக் கேட்டாரே, பஸ்ஸுக்குப் போறப்ப. நான் உள்ள அடுப்பாண்ட நின்னு கேட்டுகினுதான் இருந்தேன். அப்ப வந்துடுச்சா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "வந்துடுச்சு. அதுக்கு ரெண்டு வாரம் முந்தியே."

"நாப்பத்தாறுன்னு ஒரு வார்த்த. அத அன்னிக்குச் சொல்றதுக்கு உனக்கு வாய் வரல."

"சட்டம் அண்ணி. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு..."

"இப்ப சொல்லிட்டியே."

 கலைமகள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. தறிக்குழியில் இறங்கி, மிதிபலகைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, எதையோ எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். அறுந்த கருப்புக் கயிறு. தருமன் தறியில் உட்கார்ந்து அறுத்த அன்றைக்கு விழுந்த இடத்திலேயே கிடந்திருக்கிறது. முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

அதைக் கண்ணகியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"இதையும் எடுத்துகினு போ. டியூப்ல போட்டு நம்பர் ஒட்டிக்கோ."